சின்ன லா, பெரிய ளா

புள்ளிக்குப் பின்னால் ‘லா’ என்று முடியும் இணைய முகவரிகள் மூன்று வாரத்தில் அறிமுகமாகவிருந்தன. அதற்குள் மலேசியாவின் கெடா மாநிலத்தில் முந்நூறு பேரையாவது முன்பதிவு செய்ய வைப்பது குணாளனின் வேலை. பாடாங் செராய் காலைச் சந்தையில் குடையும் மேசையும் போட்டு நான்கு நாள் உட்கார்ந்தான். ஒன்பது பேர் பதிந்தார்கள். அதில் இருவர் அதிர்ஷ்டக் குலுக்கல் என்று நினைத்துப் பெயர் கொடுத்தவர்கள்.

“டாட் காம் மாதிரி இது டாட் லா. வா லா, போ லா-ன்னு பேசறோம்ல, அந்த லா.” ஐந்தாம் நாளும் அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த கமலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப ‘கம’ன்னு போட்டுப் புள்ளி வச்சா என் பேரே வந்துரும்ல தம்பி?”

குணாளன் வாயைப் பிளந்தான். கோலாலம்பூர் அலுவலகத்தில் ஆறு பேர் இரண்டு மாதம் கூட்டம் போட்டும் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

உடனே அட்டையில் எழுதி மாட்டினான்: ‘பெயர் லாவில் முடிகிறதா? உங்கள் பெயரே முகவரி. இலவசம்.’ விமலா வந்தாள். நிர்மலா வந்தாள். சகுந்தலா தன் நாத்தனார்கள் லீலாவையும் கோகிலாவையும் செமிலிங்கிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

சந்தைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் மஞ்சுளாவும் வந்தாள்.

“என் பேரையும் போடு தம்பி.”

குணாளன் தலையைச் சொறிந்தான். “அக்கா, உங்க பேருல வர்றது பெரிய ளா. இது சின்ன லா. சேராது.”

“சின்னதுக்கு இடம் இருக்கு, பெரிசுக்கு இல்லயா? எந்த ஊர் நியாயம்?”

“நாக்க மடிச்சுச் சொல்ற பேருக்கெல்லாம் கெடையாது லா!” என்றாள் கமலா, ஆப்பச் சட்டியைச் சுழற்றியபடி. சந்தையே சிரித்தது.

மறுநாள் காலை குணாளனின் மேசையை ஒரு கூட்டம் மறித்துக்கொண்டு நின்றது. மஞ்சுளாவின் அழைப்பில் திகாம் பத்துவிலிருந்து ஊர்மிளாவும் மிருதுளாவும் வந்திருந்தார்கள். கையில் அட்டை: ‘ளாவும் எழுத்துதான்!’ யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் பறந்தது. கமலாவின் அணி விடுமா? பலத்தைக் காட்டுவதற்காக மனதில் தோன்றியதையெல்லாம் பதிந்தார்கள்: ஆப்பம்.லா, எங்கவீடு.லா, மாமியார்.லா. மூன்றே நாளில் கணக்கு நானூறைத் தாண்டியது.

கோலாலம்பூரிலிருந்து முதலாளி சத்தியசீலன் அழைத்தார். “குணா, பிரமாதம்! இந்தச் சண்டைய யாரு பிளான் பண்ணது?”

“யாரும் பண்ணல பாஸ். எனக்குச் சந்தைக்குப் போகவே பயமா இருக்கு.”

“அறிமுக நாள் வரைக்கும் இழுத்துட்டே இரு!”

குணாளனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை நேராகத் தையல் கடைக்குப் போனான். மஞ்சுளா மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அக்கா, புள்ளிக்கு முன்னால எந்த எழுத்தும் வரலாம். மஞ்சுளா-ன்னு முழுசாப் போட்டுட்டு, அப்புறம் லா போட்டா என்ன?”

மிஷின் நின்றது. “மஞ்சுளா லா,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, யார் அது என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், “மஞ்சுளா லா!”

அடுத்த நிமிடம் வாசலில் நின்று கத்தினாள். “ஏய் கமலா! உன் பேரு ரெண்டா உடைஞ்சு கெடக்கு. எனக்கு முழுப் பேரும் இருக்கு, மேல ஒரு லாவும் இருக்கு!”

கமலாவின் ஆப்பம் ஒன்று கருகியது. சந்தை கலைவதற்குள் அவளும் விமலாவும் நிர்மலாவும் முழுப் பெயரை மறுபடி பதிய வரிசையில் நின்றார்கள்.

அறிமுக நாளன்று பாடாங் செராய் மண்டபம் நிறைந்திருந்தது. சத்தியசீலன் பொத்தானை அழுத்தினார். கைதட்டல். எல்லோரும் கைப்பேசியில் தங்கள் பெயரைத் தட்டினார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரின் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

“உனக்கும் வெள்ளையாத்தான் தெரியுதா?” என்று மஞ்சுளா கேட்டாள்.

“வெள்ளைதான்,” என்றாள் கமலா. இரண்டு வாரத்தில் அவர்கள் சண்டையில்லாமல் பேசிய முதல் பேச்சு.

பந்தியில் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டோடு நின்ற குணாளனை இருவரும் பிடித்தார்கள். “உள்ள படம், விவரமெல்லாம் நீங்கதான் போடணும் அக்கா,” என்றான் அவன்.

“அத முன்னாடியே சொல்ல மாட்டியா?”

அவனை நடுவில் உட்காரவைத்தார்கள். முதலில் ஆப்பப் படம் ஏறியது, அடுத்து ஜாக்கெட் தைக்கும் நேரங்கள். பின்னால் வரிசை மண்டப வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மீ கோரேங்கை விமலா சாப்பிட்டுவிட்டாள்.