கம்சிகா பயணம் சொன்னாள்

கம்சிகாவின் திட்டம் மிக எளிமையானது. வாசலில் நின்று பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே அம்மாவிடம் உண்மையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அம்மா வாயைத் திறப்பதற்குள் தோழி பெர்னடெற்றின் காருக்குள் பாய்ந்துவிட வேண்டும்.

சொல்லாமல் போகவும் வழியில்லை. கார் பெர்னடெற்றினுடையது, சட்டமும் அவளுடையதுதான். "எந்தப் பாதையால போறம், எப்ப இறங்குவம் எண்டு வீட்டில ஒராளுக்குத் தெரியோணும். இல்லாட்டி என்ர காரில ஏறேலாது. பனி மூடினா எங்க தேடுறதெண்டு ஆர் சொல்லுறது?" கூட வரும் லக்‌ஷன் தன் அண்ணையிடம் எல்லாம் சொல்லிவிட்டான். கம்சிகாதான் "ஸ்கொட்லாந்தில சினேகிதி வீடு" என்று அம்மாவிடம் அளந்து வைத்திருந்தாள்.

வாசலில் சொல்வதில் ஒரு வசதி இருந்தது. வெளிக்கிட்டு நிற்பவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்று அம்மா சிவகௌரி நம்பினாள். ஊரை விட்டுக் குட்மேய்ஸுக்கு வந்து எத்தனையோ குளிர்காலங்களைக் கண்டும் அந்த நம்பிக்கை தேயவில்லை. ஆகவே குறுக்குக் கேள்வி வராது.

நாடாவைக் கட்டிமுடித்து, உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, பக்கத்து வீட்டு விக்னேஸ்வரன் குப்பை வாளியை உருட்டிக்கொண்டு வந்தார். மலேசியக்காரர், வெள்ளை மனசு.

"அடேயப்பா, எவ்ளோ பெரிய பேக்கு! எங்கம்மா போற?"

சிவகௌரியின் முகம் கறுத்தது. "உள்ள வா. கொஞ்சம் இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போ."

கம்சிகா முதுகுப்பையோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பையில் செருகியிருந்த மண்வெட்டிப் பிடி திரைச்சீலையில் கொழுவிக்கொண்டது. அம்மாவின் கண் அங்கே போனது.

"சினேகிதி வீட்டில என்ன, தோட்டம் கொத்தப் போறியளோ?"

தண்ணீர் புரையேறியது. "அம்மா, மலைக்குப் போறன். பனி மலை. இது... பனி சரிஞ்சு ஆரையும் மூடினா கிண்டி எடுக்க."

அந்தச் செய்தியை அதைவிட மோசமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"உனக்கென்ன விசரே?"

கம்சிகா அவசரமாக ஜக்கெற்றைத் திறந்து, நெஞ்சில் கட்டியிருந்த சின்னக் கருவியைக் காட்டினாள். "இது சிக்னல் அனுப்பும். மூடினா மற்ற ரெண்டு பேரும் தேடிப் பிடிப்பினம். பார்க்கில இலைக்குவியலுக்கை ஒளிச்சு வைச்சுப் பழகினனாங்கள்."

"மூண்டு பேரையும் சேர்த்து மூடினா?"

வெளியே காரில் காத்திருந்து ஹோர்ன் அடித்துக் களைத்த பெர்னடெற் அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"நல்ல கேள்வி அன்ரி. அதுக்குத்தான் சரிவில ஒராள் ஒராளாக் கடக்கிறது; மற்றவை பார்த்துக்கொண்டு நிப்பினம். ஆனா இந்த முறை அப்பிடிச் சரிவுக்கே போகேல்லை. தென்மேற்குக் காத்து பனியை அள்ளி மற்றப் பக்கச் சரிவில கொட்டியிருக்கு. கால் வைச்சா பலகை மாதிரி உடைஞ்சு வரும். நாங்கள் அகலமான முகட்டால ஏறி, அதாலயே இறங்குவம்."

"போனாப்பிறகு காத்து மாறினா?"

"திரும்பி வருவம்."

"இவ்வளவு தூரம் ஓடிப்போய், உச்சியைப் பாக்காமலோ?"

"ஓம் அன்ரி. போன முறையும் திரும்பினனாங்கள். லக்‌ஷன் அழாக்குறை."

சிவகௌரி சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். "ஏனடி பொய் சொன்னனீ?"

"சொன்னா விடமாட்டியள்."

"விடமாட்டன்தான்."

போச்சு, என்று நினைத்தாள் கம்சிகா. மனசுக்குள் காரின் பின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

"ஆனா நீ பனிக்குள்ள கிடக்கேக்க, நான் சினேகிதி வீட்டுக்கெல்லோ போன் அடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்," என்றாள் அம்மா. "சரி. அந்த முகட்டுக்கு என்ன பேர்?"

கம்சிகா சொன்னாள். சிவகௌரி திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுளுக்கியது, இன்னொருமுறை சொன்னாள், சரியாக வந்தது.

"இறங்கிப் போன் எடுக்க எத்தினை மணியாகும்?"

"நாளைக்குப் பின்னேரம் ஆறு, அம்மா. எடுக்காட்டி பொலிசுக்கு அடிச்சு, மலையில தேடுற ஆக்களைக் கேளுங்கோ."

அம்மா எழுந்துபோய்ப் புட்டுப் பொதியோடு வந்து, அதைப் பெர்னடெற்றின் கையில் திணித்தாள்.

"ஆறு எண்டா ஆறு. கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு மறந்துபோனியள் எண்டு வையுங்கோ, ஆறு அஞ்சுக்கு உங்கட தலைக்கு மேல ஹெலிகொப்ரர் நிக்கும்."