ஐந்தாம் பேரரசரின் அத்தியாயம்

"கத்தரிக்கோலை எடுத்து என் கையில கொடுங்க" என்று மடத்துச் சாமி மூன்றாவது முறையாகச் சொன்னார். முதல் இரண்டு முறையும் படுக்கையில் கிடந்த லெயோந்தியோஸ் ஒழுங்காகத்தான் கொடுத்தார். இப்போது எடுத்தவர், கொடுக்காமல் கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டார்.

கட்டிலருகே நின்ற மகள் தெக்லா அவர் பக்கம் குனிந்தாள். மூன்றாம் முறையும் மனதாரக் கொடுத்தால்தான் முடி நறுக்குவார்கள், துறவிப் பெயர் வைப்பார்கள். துறவியாகிவிட்டால் அப்பா வாயில் அரண்மனைப் பேச்சே வரக்கூடாது. துறவியாகாமல் உயிர் போனாலோ, அதைவிடப் பெரிய குறை இந்தக் கான்ஸ்தாந்திநோபிளில் கிடையாது.

"என்னப்பா?"

"ஒரு வரி பாக்கி இருக்கும்மா."

தம்பி பார்தாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "சாகக் கிடக்கும்போதும் புஸ்தகமா? சாமி எவ்வளவு நேரம் நிப்பாரு?"

"எனக்கென்ன அவசரம்" என்றார் சாமி. "எழுதி முடிச்சிட்டே வரட்டும்."

ஐந்து பேரரசர்களின் சரித்திரம் அது. அரண்மனை எழுத்தராக இருந்த அப்பாவின் முப்பது வருட உழைப்பு. ஒரு போரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அப்பா தளபதியைத் தேடிப் போகமாட்டார். அந்தப் படையோடு போன சமையல்காரனையும் கோவேறு கழுதைக்காரனையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, மீனும் மதுவும் வைத்து, வாயைக் கிளறுவார். "தளபதி ஜெயிச்ச கதையைத்தான் சொல்லுவான். எந்த இடத்துல திரும்பி ஓடினாங்கன்னு கழுதைக்காரனுக்குத்தான் தெரியும்" என்பார். கண் மங்கிய பிறகு ஆறு வருடமாக அவர் சொல்லச் சொல்ல தெக்லாதான் எழுதினாள். புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு, அந்த வேலையைப் போலப் பெருமை தந்தது வேறொன்றும் இல்லை.

அவள் நாணல் பேனாவை எடுத்தாள். "சொல்லுங்கப்பா."

"ஐந்தாவது அத்தியாயம். அண்ணனோட கண்ணு."

இன்றைக்கும் சிம்மாசனத்தில் இருப்பவரின் அத்தியாயம் அது. அவர் தன் சொந்த அண்ணனின் கண்களைப் பிடுங்க வைத்த பக்கத்தை அவள் எடுத்தாள். 'உத்தரவை எழுதியவன் யாரென்று தெரியவில்லை' என்று அவளே அழகாக எழுதி வைத்திருந்தாள்.

"அந்த 'தெரியவில்லை'யை அடிச்சிடு. எழுதினது நான். கை நடுங்கலைன்னும் எழுது. எழுதி முடிச்சு, சாப்பிடவும் போனேன்."

தெக்லா பேனாவை மைக்கூட்டில் தோய்த்தாள். யார் யாரையோ உண்மை சொல்ல வைத்த மனுஷன், தன் உண்மையை மட்டும் பதினொரு வருடம் விழுங்கி வைத்திருக்கிறார். அப்படியே செத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செய்தது கொடுமைதான். ஆனால், சொல்லிவிட்டுப் போகிற இந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுதினாள்.

"அக்கா, எழுதாத" என்றான் பார்தாஸ். "அந்த ஆளு இன்னும் உசுரோட இருக்காரு. தினம் காலையில அரண்மனை வேலைக்குப் போய் நான் அவர் முன்னாடி குனியணும். அப்பா போயிடுவாரு. இருக்கப்போறது நாமதான்."

அவள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். அப்பா தலையசைத்து, கத்தரிக்கோலைச் சாமியிடம் கொடுத்தார். லாசர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டிருப்பார்கள். மத்தியானத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மது கலந்த தண்ணீரால் உடம்பைத் துடைக்க மடத்து ஆட்கள் வந்தார்கள். தெக்லா பக்கத்து அறைக்குப் போனபோது பார்தாஸ் எழுத்து மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். கையில் மை சுரண்டும் கத்தி. தோல் தாளில் நிதானமாகச் சுரண்டினால், எழுதிய தடமே தெரியாது.

"அதைத் தொட்டா நீ எனக்குத் தம்பியே இல்ல" என்றாள்.

அவன் நிமிரவில்லை. அப்பா எழுதிய ஒரு பக்கத்தைக்கூட அவன் இதுவரை படித்ததில்லை. இப்போது விரலை வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"அந்த உத்தரவு அப்பா கையெழுத்துதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றான். "என்கிட்டதான் வந்துச்சு. நான்தான் அரண்மனைப் பெட்டியில வச்சுப் பூட்டினேன்."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அவன் இன்னொரு முறை படித்தான். பிறகு கத்தியை மூடி வைத்துவிட்டு, மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உத்தரவு எழுதின தேதி போடலியே. தேதி இல்லாட்டி கட்டுக்கதைன்னுடுவாங்க" என்றான். "ஆகஸ்ட் பதினாலு. மாதா திருவிழாவுக்கு முந்தின நாள். எழுதிக்கோ."