பதினாறிலிருந்து நாலுக்கு

என் நாத்தனாரைப் பாராட்டுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பவர் அவர். ஆனாலும் அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் மனசே என்னைச் சும்மா விடாது.

இருவருக்கும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை. அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். நான் சர்வர் அறை. ஒரு பெரிய சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல இயங்கும் பதினோரு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, மருந்துக் கிடங்குக்கு ஒன்று, பதிவுப் பிரிவுக்கு ஒன்று, இப்படி. வேலையைச் செய்து முடிக்கும் மூளை மாதிரி சர்வரில் உள்ள இருபது பிராசசர்களை இவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஒரு கணினிக்கு ஒரே நேரத்தில் எத்தனை என்று முடிவு செய்வது நான்.

பரிசோதனைக் கூடம் இரண்டு பிராசசரோடு திணறிக்கொண்டிருந்தது. நாலாக்கினேன். ரிப்போர்ட் பறந்தது. "உனக்குக் கைராசி" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலேயே எட்டாக்கினேன். மெதுவாகிவிட்டது என்று ஃபோன் வந்தது. பதினாறாக்கினேன். இன்னும் மோசம் என்று மறுபடி ஃபோன்.

"பதினாறு குடுத்தும் பத்தலேன்னா உங்க சாஃப்ட்வேர்தான் மட்டம்" என்று வெடுக்கென்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். மறுமுனையில் இருந்தது நாத்தனார்.

அதன் பலனை அவர்தான் அனுபவித்தார். திங்கட்கிழமை அவசரப் பிரிவுக்கு ஒரு ரிப்போர்ட் தாமதமாகப் போய், டாக்டர் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டார். புதன் மாலை நாலு மணிக்குள் நாத்தனார் விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால் பத்தொன்பது வருஷமாக இருந்த கூடத்தை விட்டுக் கிடங்குக்கு மாற்றம்.

புதன் மத்தியானம் இரண்டே கால் மணிக்கு அவர் என் அறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ ரத்தக் குழாய்களில் ஒட்டும் லேபிள் தாளின் பின்பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் 'ஏத்தியாச்சு, பாருங்க'ன்னு சொன்னியே, பாத்தேன். பாத்ததை எழுதி வச்சிருக்கேன்."

நாலு பிராசசர் இருந்தபோது ஒரு ரிப்போர்ட் வர ஒன்றரை நிமிடம். எட்டுக்கு மூன்றேகால். பதினாறுக்கு ஒன்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தேதி போட்டு, ஒரு நாளைக்கு ஆறு முறை.

"மத்தியானம் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் மட்டும் ஒரு நிமிஷத்துல வந்துடுது. அப்போ கிடங்கும் பதிவுப் பிரிவும் சாப்பிடப் போயிருப்பாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியணும்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். நான் அதுவரை திறந்தே பார்க்காத ஒரு வரைபடத்தைத் திறந்தேன். பரிசோதனைக் கூடத்தின் கணினி வேலை செய்த நேரத்தைவிட, பிராசசர் கிடைக்கக் காத்திருந்த நேரம்தான் அதிகம். வெட்கமாக இருந்தது.

"அக்கா, பதினாறு பேரும் ஒண்ணாத்தான் உக்காருவோம்னு ஒரு குடும்பம் கேன்டீனுக்குப் போற மாதிரி ஆயிடுச்சு. அத்தனை இடமும் சேர்ந்து காலியாகிறவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கு."

"நாலு பேரா போயிருந்தா மூலையில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம். அதானே?"

அதேதான். நான் படித்து வாங்கிய சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

"குறைக்கணும்னா பத்து நிமிஷம் நிறுத்தணும்க்கா."

"நிறுத்து. கையால எழுதிக்குறோம்."

கணினியை நிறுத்தி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அவர் பின்னாலேயே பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அந்தப் பத்து நிமிடமும் நாத்தனார் வாசலில் நின்று ஒவ்வொரு முடிவையும் சத்தமாகப் படித்தார். கூடத்துப் பெண்களில் ஒருத்தி எழுதினாள், இன்னொருத்தி சரிபார்த்தாள். ஒரு குழாய்கூட இடம் மாறவில்லை. என்ன பெண்மணி இவர் என்று பிரமித்துப்போனேன். கணினி எழுந்தது, நாலு பிராசசரோடு. முதல் ரிப்போர்ட் ஒரு நிமிடம் இருபது வினாடியில் வந்தது.

அப்போதுதான் அவர் மேசையில் இருந்த விளக்கக் கடிதம் கண்ணில் பட்டது. 'வேலைப் பளுவால் என் கவனக்குறைவு. இனி நிகழாது.' கையெழுத்தும் போட்டிருந்தார். சர்வர் என்ற சொல்லே அதில் இல்லை.

"என்னக்கா இது?"

"உன்னை இன்னும் நிரந்தரம் பண்ணலியே. எனக்கு என்ன, கிடங்குலயும் எண்ணுற வேலைதான்."

அந்தத் தாளைக் கிழித்தேன். என் பெயரில், எந்தக் கிழமை என்ன செய்தேன் என்பதோடு எழுதினேன்: கேட்காமல் ஏற்றியது நான், புகாரைத் தட்டிக் கழித்தது நான், காரணத்தைக் கண்டுபிடித்தது அவருடைய பட்டியல். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தடுப்பார் என்று நினைத்து அவரிடம் நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பேனாவை எடுத்து ஓர் இடத்தில் வட்டம் போட்டார்.

"எட்டாக்கினது வெள்ளிக்கிழமை இல்ல, வியாழன். திருத்திட்டுக் கையெழுத்துப் போடு. நானும் கூட வரேன்."