வெள்ளைக்கோழிக்கு வைத்த குறி

நல்லம்மாளுக்கு எதைக் கண்டாலும் குறி போட்டாக வேண்டும். குடத்தில் பேர் வெட்டியிருப்பாள், முறத்தில் சாணிப் பொட்டு வைத்திருப்பாள். அவள் புருசன் ரத்தினசாமி பனியன் மிசினுக்குக் கரண்டு மோட்டார் மாட்டின வருசம், மூட்டைக்கு மார்க் போடுகிற சிவப்புச் சாயம் வேறு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கேட்க வேண்டுமா? ஆட்டுக்கல்லைக்கூட விடவில்லை.

அப்போதுதான் பொங்கலூரிலிருந்து அவள் அண்ணன் ஒரு இளசான வெடைக்கோழி கொண்டுவந்து கொடுத்தான். சுத்த வெள்ளை. அன்றைக்கே அதைப் பிடித்து முதுகில் வட்டமாகச் சாயத்தைத் தீட்டிவிட்டாள். அந்தப் புறக்கடையில் வேறு வெள்ளைக்கோழியே கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பின்னால் ஓலைச் சாளையில் குடியிருந்த மருதம்மாளின் கோழிகளும் அங்கேதான் மேய்ந்தன. மருதம்மாள் இவர்கள் கம்பெனியில் பனியன் மடிக்கிறவள். அந்தச் சாளையும் இவர்களுடையதுதான். நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று நல்லம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேச்சு வருமென்று யார் சொன்னது? அவள் மனசுதான் சொன்னது.

மறுநாளே கொத்து ஆரம்பித்துவிட்டது. முதலில் கொத்தியது மருதம்மாளின் செம்பழுப்புக் கோழி, செவலை. புதுசாக வந்ததைத் தீனிப் பக்கம் அண்டவிடாமல் விரட்டி விரட்டி முதுகிலேயே கொத்தியது. இரண்டு நாளில் இறகு போய்த் தோல் தெரிந்தது.

"புதுசைப் பழசுக கொத்தறதுதானுங்க, கொஞ்ச நாள்ல அடங்கிப் போயிருங்க" என்றாள் மருதம்மாள். கொஞ்சம் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, அந்த முதுகை மட்டும் ஒருக்காக் கழுவி உட்டுப் பாக்கறதுங்களா?" என்று கேட்டாள்.

நல்லம்மாளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "உன்ற கோழி கொத்தறதுக்கு என்ற கோழியைக் கழுவச் சொல்றயா? சளி புடிச்சுச் சாகட்டும்னா?"

"இல்லீங்க, சும்மா கேட்டனுங்க" என்று மருதம்மாள் போய்விட்டாள்.

நல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டாள். வெள்ளையின் மேல் கூடைக் கொடாப்பைக் கவிழ்த்து நாலு நாள் தனியாக வைத்தாள். இறகு கொஞ்சம் முளைத்தது. சாயம் மங்கியிருந்தது. மங்கினால் விடுவாளா? திறந்துவிடுவதற்கு முன்னால் இன்னொரு பூச்சு பூசினாள். அன்று சாயங்காலம் வெள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தது. முதுகில் சாயம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

அண்ணன் கொடுத்த கோழி. அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. நேரே சாளை வாசலில் போய் நின்று, "ஒரு கோழியை அடக்கத் துப்பில்லாதவளுக்குக் கோழி எதுக்கு? நாளைக்கு அது இங்க இருந்துதுன்னா, நீ..." என்றாள்.

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் மருதம்மாளின் புருசன் கிட்டுசாமி இருமிக்கொண்டிருந்தான். மில்லில் பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சு. காலையில் ஒரு முட்டையாவது கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த முட்டை செவலை இடுகிற முட்டை என்பது நல்லம்மாளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் செவலையைக் காணோம். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வெள்ளையைத் திறந்துவிட்டு, கம்பை இறைத்துவிட்டு, புடைக்க உட்கார்ந்தாள். அப்போது தன் வீட்டுக் கருங்கோழி, தான் குஞ்சிலிருந்து வளர்த்த கோழி, கம்பை விட்டுவிட்டு வெள்ளையின் முதுகைக் கொத்தியது. எழுந்து விரட்டினாள். அது போனதும் சேவல் வந்தது. அதையும் விரட்டினாள். திரும்பவும் கருங்கோழி. இந்தத் தடவை விரட்டாமல் பார்த்தாள். புண்ணில்லாத இடத்தில், நல்ல இறகின் மேல், சாயம் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் கொத்தியது.

நல்லம்மாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். சீயக்காய்த் தண்ணியை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். சிவப்பு அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. கழுவச் சொன்னாளே, பாவி, அன்றைக்கே சொன்னாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செவலையை மறைத்து வைத்திருந்தால், ஓடிப்போய்த் திறந்துவிடு என்று சொல்லிவிடலாம். சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் ஆள் அனுப்பலாம். இப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால், தூக்குப்போசியோடு மருதம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மூடியைத் தாண்டி மிளகு வாசம் அடித்தது.

"செவலைங்க" என்றாள். "நீங்க சொன்னதுக்கப்புறம் வெச்சிருக்கறது மொறையில்லீங்க. மொதக் கொழம்பு உங்களுக்குத்தான்னு எடுத்தாந்தனுங்க."

நல்லம்மாள் வெள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். சேலையெல்லாம் சிவப்பு. "மருதம்மா, செவலை மேல தப்பில்லாத்தா. இந்தச் சாயந்தான். நான் பூசின சாயம்."

"தெரியுமுங்க" என்றாள் மருதம்மாள்.

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியுமுங்க. வேட்டி நூல்ல செவப்பா ஒரு துளி இருந்தாலே கோழி கொத்தாம உடாதுங்களே."

"அப்பறம் ஏன் அறுத்தே? வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் நல்லம்மாள்.

"சொன்னனுங்களே" என்றாள் மருதம்மாள். குத்தலாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரியே, தணிவாகத்தான் சொன்னாள். சாளைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தூக்குப்போசியைத் தொட்டி ஓரத்தில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"உப்புச் சரியா இருக்குதுங்களான்னு பாருங்க அம்மிணி" என்றாள்.

நல்லம்மாள் தன் சிவப்புக் கையைப் பார்த்தாள். மருதம்மாள் போகவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.