மஞ்சள் முடிச்சு

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது. பதினோரு வருடம் சமையல் மேடைக்குக் கல் அறுத்தவருக்கு வேறென்ன படியும், சந்தனமா? ஆனால் கம்பெனி வக்கீல் சிரித்த முகமாகச் சொன்னார்: "சிகரெட்டா இருக்கும் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு டீயத் தவிர எதையும் தொட்டதில்ல!"

நஷ்டஈடு அலுவலகத்தின் விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் வக்கீல், பட்டறை சூப்பர்வைசர், நான், ஒரு மாடி ஏறி வந்ததற்கே பேச மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். இது வேலையால் வந்த நோய் என்று அதிகாரி ஒரு வரி எழுதினால்தான் வீட்டுக்கு ஆக்சிஜன் வரும். அந்த ஒரு வரிக்காக ஏழு மாதமாக நாயாய் அலைகிறேன்.

வக்கீல் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது தொழிலாளிகளின் படங்கள். ஒன்பது முகத்திலும் தூசி மாஸ்க், கீழே கையெழுத்து.

"ஆளுக்கொண்ணு குடுத்தோம் சார். போடாதது அவங்க தப்பு."

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் மாஸ்க்கில் இடது பட்டி அறுந்து, மஞ்சள் நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. பக்கத்துப் படத்திலும் இடது பட்டி, மஞ்சள் முடிச்சு. அதற்கடுத்ததிலும். ஒன்பதிலும்.

"யாரு காதுல பூ சுத்துறீங்க? ஒரே மாஸ்க்க ஆளாளுக்கு மாட்டிவிட்டுப் படம் புடிச்சிருக்கீங்க!"

"எல்லா மாஸ்க்கும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றார் வக்கீல்.

"அறுந்த இடமுமா? போட்ட முடிச்சுமா?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் மேலும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம் கேட்டார்: "இந்த மாஸ்க் இப்ப எங்க இருக்கு?"

அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்: "என் பீரோவுலதான் சார், பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன். தூசி பட்டா கெட்டுப்போயிடும்ல."

மேசைக்கு அடியில் வக்கீல் அவர் காலை மிதித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது, நிற்கவே இல்லை. ஒரு மாஸ்க்குக்குப் பார்த்த பக்குவத்தை இந்த நெஞ்சுக்குப் பார்க்கவில்லையே!

"எழுதுங்க சார்!" என்று கத்தினேன். "அவரு சொன்னத அப்படியே எழுதுங்க. தூசி பட்டா கெட்டுப்போயிடும்னு எழுதுங்க!"

இருமல் அடங்குவதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கியிருந்தார்.