இரண்டாம் சீசனில் டிராகன் பேசுகிறது

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, என் அக்காவுடையது. ஒரு ஜப்பானிய அனிமே தொடரைத் தமிழில் டப்பிங் செய்கிறோம். வசனம் நான், நாயகியின் குரல் அக்கா. முதல் சீசனில் நாயகி, பேசத் தெரியாத டிராகனோடு வாய் ஓயாமல் பேசித் திரியும் சிறுமி. இரண்டாம் சீசனில் பல வருடங்கள் ஓடிவிட்டன. சிறுமி படைத்தலைவி ஆகிவிட்டாள். பேச்சு குறைந்துவிட்டது. வானத்தின் நிறம்கூட...

(வானம் கிடக்கட்டும். அக்கா காத்திருக்கிறாள்.)

2

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, குரல மாத்தணும். அவ வளர்ந்துட்டா," என்றார் டப்பிங் இயக்குநர்.

"அவ வளர்ந்தா, நான் மட்டும் பாப்பாவாவே இருப்பேனா?"

அக்கா மைக் முன் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினாள். சளி பிடித்த சிறுமி போலிருந்தது. அந்த வேடம் கல்லூரி முடித்த ஒரு பெண்ணுக்குப் போனது.

அன்று அக்கா அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழவில்லை. வீட்டுக்கு வந்து புது எபிசோடைப் போட்டுப் பார்த்தாள்.

"டேய், இந்த டிராகன் இப்பப் பேசுதுடா!"

"ஆமா. அதுக்கு ஆம்பளைக் குரல் தேடுறாங்க."

"ஏன், அதுக்கு மீசையா இருக்கு?"

3

மறுநாளே போய்க் கேட்டாள். இயக்குநர் சிரித்தபடி ஒரு வசனம் கொடுத்தார். என்னைத் திட்டித் திட்டிக் களைத்த பிறகு அவளுக்கு ஒரு குரல் வருமே, அதில் பேசினாள். சிரிப்பு நின்றது. டிராகன் அவளுடையதானது.

(இங்கே முடித்தால் சுபம். ஆனால் அந்தப் புதுப் பெண்ணிடம் அக்கா எப்படி நடந்துகொள்வாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.)

4

முதல் காட்சி. டிராகனுக்கு நினைவு போயிருக்கிறது. நாயகி எதிரே வருகிறாள். நான் எழுதியிருந்தது "யார் நீ?" மட்டும்தான். டிராகனின் வாய் இன்னும் மூடவில்லை. அக்கா தொடர்ந்தாள்:

"யார் நீ? உன் குரல் எனக்குத் தெரியலையே."

புதுப் பெண் திகைத்தாள். "அக்கா, என்னையா சொன்னீங்க?"

"டிராகன் கேக்குது. பதில் சொல்லும்மா."

குத்தலா, அழைப்பா? அக்காவின் முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நான் எழுதிவைத்த பதில் இனி ஒட்டாது. "நான்தான்" என்றால் பொய். "மறந்துட்டியா?" என்றால் அக்காவுக்கு வலிக்கும். "கேட்டுப் பழகு" கொஞ்சம் திமிர். ஆனால் படைத்தலைவிதானே, திமிர்...

இயக்குநர் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். நாயகியின் உதடுகள் பிரியப்போகின்றன. அக்காவும் புதுப் பெண்ணும் என்னைப் பார்க்கிறார்கள். சின்ன வாயசைவு, நீளமாக வேண்டாம். நீங்களே சொல்லுங்கள், அவள் என்ன சொல்லட்டும்?