வலி வரும் வரைக்கும்

சம்பந்தியாகப் போகிறவர் வீட்டு மாடிப்படியிலிருந்து நான் உருண்டேன் என்றார்கள். எனக்கென்னவோ மிதந்து இறங்கியதாகத்தான் ஞாபகம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மிதந்துகொண்டேதான் இருந்தேன். கூரையில் மதிய வெயில் தண்ணீராய் அலைந்தது. கழுத்தில் மட்டும் கெட்டியாக ஒரு பட்டையைப் பூட்டி வைத்திருந்தார்கள். நான் என்ன வண்டி மாடா?

"குடிச்சிருக்காரா?" என்றார் டாக்டரம்மா.

"ஐயோ, இவரா! தொட்டதே இல்லீங்க," என்றாள் என் மனைவி.

பக்கத்திலேயே சம்பந்தி நின்றார். குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்பவர். என் மகள் ஆசைப்பட்ட பையனின் அப்பா. அவர் காதுபட வேறென்ன சொல்வாள்? கெட்டிக்காரி! நானும் லேசுப்பட்டவனில்லை. வாசம் வராத சரக்கு, மேலே ஒரு பிடி ஏலக்காய்.

டாக்டரம்மா பட்டைக்குள் விரலை விட்டுப் பின்கழுத்தை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"இல்லம்மா." சத்தியமாக வலிக்கவில்லை. அது யாருடைய கழுத்தோ, எங்கோ தூரத்தில் கிடந்தது.

"அப்போ கழட்டிடலாம். எழுந்து உட்காருங்க."

பட்டை பிரிகிற சத்தம் கேட்டது.

"கழட்டாதீங்க!" மகளின் குரல். "அப்பா குடிச்சிருக்காரு. நிறைய. இப்போ நெருப்புல கைய வச்சாலும் வலிக்கலன்னுதான் சொல்வாரு."

மானத்தைக் கப்பலேற்றிவிட்டாளே பாவி! பெற்ற பெண்ணா இவள்? கத்தினேன். வார்த்தைகள் குழைந்துபோய் வெளியே வந்தன. டாக்டரம்மா பட்டையை மறுபடி இறுக்கினார்.

"ஸ்கேன் எடுக்கணும். போதை தெளியற வரைக்கும் இவர் வலிக்கலன்னு சொல்றத நம்ப முடியாது. அசையவே விடாதீங்க."

அப்புறம் ஒரே பஞ்சுப் பொதி. கட்டில் எங்கெங்கோ போனது. யார் யாரோ பேசினார்கள். வெயில் சுவரிலிருந்து மெல்ல இறங்கிப் போனது.

வலி வந்தது. அம்மாடி, என்ன வலி! அலறினேன்.

"கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை, நரம்பு தப்பிச்சுது. அப்போ எழுந்து உட்கார்ந்திருந்தா கை காலே விளங்காம போயிருக்கலாம்."

கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன். அசைந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடியே மகளிடம் கேட்டேன்.

"சம்பந்தி எங்கம்மா?"

"போயிட்டாரு."

"என்ன சொல்லிட்டுப் போனாரு?"

அவள் போர்வையை என் நெஞ்சு வரை இழுத்துவிட்டாள்.

"உன் கல்யாணம்?"

மகள் என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆடாமப் படுங்கப்பா."